காலியாக விட்ட கொம்யூன்

1988 நவம்பர் 16, புதன்கிழமை. விடியற்காலையிலிருந்தே மழை. நெரவியிலிருந்து எட்டேகால் பேருந்தில் ஏறினேன். உட்கார இடம் கிடைக்கவில்லை. அரசலாறு இரு கரையும் நிறையப் போய்க்கொண்டிருந்தது. அலுவலகம் சேர்ந்ததும் குடையை வராந்தாவில் விரித்து வைத்தேன். இயந்திர அறைக்குள் தூசி போகக்கூடாது என்பதால் செருப்பை எல்லாரும் வெளியே விட வேண்டும். மழைக்காலத்தில் காலையும் துடைக்க வேண்டும். துடைத்தேன். வருகைப் பதிவில் கையெழுத்திட்டேன். இயந்திரத்தை ஓடவிட்டு, அது தயாராகும்வரை பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு நெடுங்காடு முகாமில் ரத்தம் கொடுக்கப் பெயர் தந்தவர்களை ரத்த வகை வாரியாக எடுத்து அச்சடிக்க ஆரம்பித்தேன். அன்றைக்கு என் பங்கு வேலை அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அந்த நாளைச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். உங்களில் ஒருவர் போன மாதம் என்னிடம், "மேடம், எரர் வந்தா பிடிச்சுடலாம், எரரே வராம தப்பா வந்தா என்ன பண்றது?" என்று கேட்டார். எனக்கு அதற்குச் சுருக்கமான பதில் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கணிப்பொறி நிலையம் சிறியது. ஒரு இயந்திரம், அதோடு இணைத்த நான்கு திரைகள். பல அலுவலகங்களின் வேலைகளுக்கு நடுவே ரத்ததானம் செய்ய முன்வந்தவர்களின் விவரங்களையும் அதில் ஏற்றி வைத்திருந்தோம். அரிய வகை ரத்தம் ஆஸ்பத்திரியில் இருப்பில் இருக்காது. கொடுக்கிறவரைத் தேடிக் கூட்டிவந்துதான் எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் கேட்பார்கள், நாங்கள் தேடிப் பெயரும் முகவரியும் சொல்வோம். தேடுவதற்குத் திரையில் மூன்று இடங்கள்: ரத்த வகை, கொம்யூன், கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி. கொம்யூன் என்பது பல ஊர்கள் சேர்ந்த ஆட்சிப் பகுதிக்குப் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து எங்கள் பக்கம் வழங்கும் பெயர். காரைக்கால் நகரத்தையும் சேர்த்து எங்கள் கணக்கில் ஆறு.

அந்தத் தேடும் புரோகிராமை எழுதியவர் என்னோடு வேலை பார்த்த செல்வமணி. என்னைவிட ஐந்து வயது இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கெட்டிக்காரர். நான் ஒவ்வொரு தடவையும் எல்லா இடத்தையும் முழுதாக அடித்துத் தேடுவதைப் பார்த்து, "நீங்க மிஷினுக்குப் பாடம் ஒப்பிக்கிறீங்கக்கா" என்று கேலி செய்வார்.

பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டெல்லா சிஸ்டர் பேசினார். பிரசவ வார்டு நர்ஸ் அவர்.

"மேடம், ஓ நெகட்டிவ் வேணும். அவசரம். ரெண்டு பேராவது வேணுங்கறார் டாக்டர்."

"எந்தப் பக்கம் பார்க்கட்டும்?"

"எந்தப் பக்கமா இருந்தா என்ன மேடம், ஆள் கிடைச்சா சரி."

ஊர் முக்கியமில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடலாம் என்று எங்கள் குறிப்பிலேயே இருந்தது. அவசரம் என்றதால் அன்று நானும் காலியாக விட்டேன். பூஜ்யம் என்று வந்தது. யாரும் இல்லை என்று சிஸ்டரிடம் சொன்னேன். "அப்ப தஞ்சாவூருக்குத்தான் அனுப்பணும். தாங்குமான்னு தெரியலை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் நெடுங்காடு பட்டியலுக்குத் திரும்பினேன். காகிதம் ஒருபுறம் இழுத்துக்கொண்டது, சரிசெய்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வாசலில் ஒருவர் நின்றார். தலையில் போட்ட துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முழங்கால்வரை சேறு. செருப்புகள் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கம்ப்யூட்டரு ஆபீஸு இதாங்களா?"

"ஆமாங்க. என்ன வேணும்?"

"எம் பேரு கலியபெருமாள். சொரக்குடி. எம் பொஞ்சாதிக்குத்தான் ரத்தம் கேட்டாங்க. வசந்தான்னு பேரு. பொண்ணு பொறந்துச்சு, காலையில. அதுலேர்ந்து ரத்தம் நிக்க மாட்டேங்குது. வீட்டு ஆளுங்க ரத்தமெல்லாம் பாத்துட்டாங்க, சேரலையாம். இங்க பொட்டியில யாரும் இல்லேன்னு சொல்லிட்டதா சிஸ்டரு சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்தி, "இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கம்மா" என்றார்.

செல்வமணி தன் இடத்திலிருந்து மெதுவாகவே சொன்னார்: "அண்ணே, அது மனுஷன் இல்லை. எத்தனை தரம் கேட்டாலும் அதேதான் சொல்லும்."

"இல்ல தம்பி, ஆபீசுன்னா ரெண்டாந்தடவை கேட்டா பார்த்துச் சொல்லுவாங்கல்ல. அதான்."

நான் அவரை உள்ளே வரச் சொன்னேன். கால் சேறு என்றார். பரவாயில்லை என்றேன். அவர் எதிரிலேயே மறுபடி கேட்டேன். பூஜ்யம். அவருக்குப் படிக்கத் தெரியுமோ தெரியாதோ, அந்த வட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க பக்கத்து ஆளுங்க பேரெல்லாம் இதுல இருக்குங்களா? திருநள்ளாத்துப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும் சேர்த்துத்தாங்க பார்த்தேன்."

"எங்க பக்கம் ஒரு தடவை பாருங்கம்மா."

அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன். வேறு நினைப்பு எதுவும் எனக்கு இல்லை. ரத்த வகை அடித்தேன், கொம்யூன் இடத்தில் திருநள்ளாறு என்று அடித்தேன், தேதி அடித்தேன். திரையில் ஒரு பெயர் வந்தது. அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர்.

கலியபெருமாள் என் முகத்தைப் பார்த்தார். நான் செல்வமணியைப் பார்த்தேன். எல்லா ஊரிலும் சேர்த்து ஒருவரும் இல்லை; ஆனால் ஒரு ஊரில் ஒருவர் இருக்கிறார். இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. செல்வமணி எழுந்து வந்துவிட்டார்.

"காலியா விட்டுக் கேளுங்கக்கா, இப்ப."

கேட்டேன். அதே ஆலைக் கணக்கர் வந்தார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் பூஜ்யம் சொன்ன அதே கேள்வி.

"இதுக்கு முன்னாடி எந்த கொம்யூன் போட்டிருந்தீங்க?"

"நெடுங்காடு. காலையிலேர்ந்து நெடுங்காடுதான்."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

என்ன நடந்தது என்று உங்களுக்கு இங்கே சொல்லிவிடுகிறேன். அன்றைய இயந்திரம் ஒரு கேள்வியைப் படித்து, புரிந்துகொண்டு, தேடும் வழியை வகுப்பதற்கே நிறைய நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் கேள்வியைக் காலையில் ஒரு முறை ஆயத்தம் செய்து வைத்துவிடுவோம். மாறுகிற விவரங்களுக்கு மட்டும் அதில் இடம் விட்டிருக்கும். பிறகு அந்த இடங்களை நிரப்பி நிரப்பிக் கேட்போம். இன்று நீங்கள் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் என்கிறீர்களே, அதேதான். எங்கள் கேள்வியில் மூன்று நிபந்தனைகள், மூன்று இடங்கள்.

இனி எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று. பதிவேடு எழுதும்போது மேல்வரியில் உள்ள ஊரே கீழ்வரிக்கும் என்றால் 'மேற்படி' என்று எழுதுவோம். கொஞ்ச நாளில் அதையும் எழுதாமல் காலியாக விட்டுவிடுவோம், படிக்கிறவருக்குப் புரியும். விவரங்களை இயந்திரத்தில் ஏற்றுகிற பெண்கள் மூன்று பேரும் அப்படிப் பழகி வந்தவர்கள். பெயர் தந்தவர்களின் நூற்றுக்கணக்கான அட்டைகளுக்கு ஒரே கொம்யூன் பெயரைத் திரும்பத் திரும்ப அடித்து விரல் வலிக்கிறது என்று செல்வமணியிடம் சொன்னார்கள். காலியாக விட்டால் முந்தைய ஊரையே எடுத்துக்கொள்ளும்படி அவர் செய்து கொடுத்தார். அவர்களுக்கு அது பெரிய உதவி. பிறகு தேடும் புரோகிராமை எழுதும்போது, திரையைப் படிக்கும் அதே பகுதியைக் கொண்டுவந்து சேர்த்தார். ஏற்றுகிற இடத்தில் காலி என்றால் 'மேற்படி'. தேடுகிற இடத்தில் காலி என்றால் 'எதுவானாலும் சரி'. இயந்திரத்துக்கு அந்த வித்தியாசத்தை ஒருவரும் சொல்லவில்லை. மற்றவர்கள் காலியாக விட்டுத் தேடுவார்கள்; நான் எப்போதும் முழுதாக அடித்துத் தேடுகிறவள் என்பதால் என் கண்ணிலும் படவில்லை. ஏதாவது ஒரு பெயர் வந்தால், இன்னும் யாரோ விடுபட்டிருக்கலாம் என்று யார் நினைப்பார்கள்?

செல்வமணி உடனே திருத்த உட்கார்ந்துவிட்டார். "அஞ்சு நிமிஷம்க்கா. பழைய ஊரை அழிச்சுட்டாப் போதும்." அழித்தார். திரும்ப ஓடவிட்டோம், கேள்வி ஆயத்தமாகும்வரை மூன்று பேரும் காத்து நின்றோம். கொம்யூனைக் காலியாக விட்டுக் கேட்டார். பூஜ்யம். ஆலைக் கணக்கர்கூட வரவில்லை.

இதை நன்றாகக் கவனியுங்கள். பழைய ஊர் அழிந்துவிட்டது, நிபந்தனை அப்படியே நிற்கிறது. 'கொம்யூன் வெறுமையாக இருப்பவர் யார்?' என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். ஊர் இல்லாதவர் யாரும் எங்களிடம் பெயர் கொடுக்கவில்லை. ஆகவே யாரும் இல்லை. அது சரியான பதில்தான்.

இன்று அமைதியாக எழுதுகிறேன். அப்போது எங்களுக்கு அது விளங்கவில்லை. செல்வமணி நிறுத்தவில்லை. "இருங்கக்கா, அதை எடுத்துட்டு வேற மாதிரி எழுதறேன், இருங்க" என்று மேலும் மேலும் அழித்துக்கொண்டிருந்தார். கலியபெருமாள் சுவரோரம் நகர்ந்து நின்றுகொண்டார். எங்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறோமோ என்று நினைத்தார் போலிருக்கிறது.

நான் செல்வமணியின் கையைப் பிடித்தேன். அதுவரை அலுவலகத்தில் யார் கையையும் நான் பிடித்ததில்லை.

"செல்வமணி, நிறுத்துங்க. திருத்தறதுக்கு முன்னாடி இருந்த புரோகிராமை எடுத்து வச்சிருக்கீங்கல்ல?"

"இருக்கு. ஆனா அது தப்புக்கா."

"என்ன தப்புன்னு இப்ப நமக்குத் தெரியும். ஊரை அடிச்சாச் சரியாச் சொல்லுது. ஆறு கொம்யூன்தானே? ஆறு தடவை கேப்போம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆறு தடவை" என்று மட்டும் சொன்னார். பழையதைப் போட்டார்.

அவர் அடித்தார், நான் பெயரை எழுதிக்கொண்டேன். நெடுங்காடு, இல்லை. கோட்டுச்சேரி, இல்லை. நெரவி, இல்லை. திருநள்ளாறு, ஆலைக் கணக்கர். திருமலைராயன்பட்டினம், போலகத்தில் ராஜமாணிக்கம், கூட்டுறவுக் கடையில் விற்பனையாளர். காரைக்கால் நகரம், ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. அவர் வீடு ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது.

சிஸ்டரைக் கூப்பிட்டேன். வண்டி கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை என்றார். மூன்று பேர் இருக்கிறார்கள் என்றேன். "இருக்காங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். ஆசிரியையைக் கூட்டிவரத் தானே ஆள் அனுப்புவதாகச் சொன்னார். திருநள்ளாறு ஆலைக்குத் தொலைபேசி இருந்தது. கணக்கர் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருக்கிறார் என்றார்கள். போலகத்துக்கு எங்கள் ஜீப்பை அனுப்பினேன். ஓட்டுநர் இப்ராகிம் பாய் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மூடிவிட்டார். "ரோட்டுல தண்ணி நிக்குது. இன்ஷா அல்லா, ஆளோட வந்துர்றேன்" என்றார்.

கலியபெருமாள் மழையில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். செல்வமணியும் அவர் பின்னாலேயே போனார். செருப்பைக்கூட மாட்டவில்லை.

நான் இயந்திரத்தை விட்டு நகர முடியாது. அதனால் ஆஸ்பத்திரியில் நடந்தது செல்வமணி சொல்லித்தான் தெரியும். ஆசிரியை பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்து படுத்துவிட்டார். ராஜமாணிக்கம் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தாராம்: "முகாமுல எம் பேருக்கு எதிர்ல நெகட்டிவ்னு போட்டப்ப நான் எவ்வளவு சண்டை போட்டேன் தெரியுமா? வீட்டுல சொன்னா, உங்களுக்கு ஏத்ததுதான்னு சிரிக்கறா. இன்னைக்கு அதுக்கு ஜீப்பு வருது பாருங்க!" அவர் ரத்தம் கொடுத்துவிட்டுக் காப்பி குடிக்கும்போது, வசந்தாவுக்கு ரத்தப்போக்கு குறைந்துவிட்டது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். மாலைக்குள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார்.

செல்வமணி அதன்பிறகும் உடனே திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கலியபெருமாளின் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் யாரும் இல்லை என்று வந்தது ஏன் என்று சொல்லியிருக்கிறார்.

"மிஷினுதானே தம்பி. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"மிஷின் இல்லண்ணே. நான்."

கலியபெருமாள் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாப்பாவப் பாக்குறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். செல்வமணி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

நாலு மணிக்கு அவர் அலுவலகம் வந்தபோது தலை ஈரமாக இருந்தது. திட்டுவேன் என்று எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். நான் துண்டு கொடுத்தேன்.

"எப்படிக்கா இருக்கும் அந்தப் பாப்பா, தெரியுமா? கட்டைவிரல் தண்டிக்குத்தான் கை."

"ஏத்தற பக்கம் காலியா விடறதை எடுத்துடப் போறீங்களா?"

"எடுத்துடணும். எல்லாத்தையும் எடுத்துடணும்."

"அதை ஏன் எடுக்கணும்? விவரம் ஏத்தற பொண்ணுங்க விரல் வலி பொய்யா? அங்க அது சரியாத்தான் இருக்கு. இங்கதான் சேரலை."

அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டார். பிறகு வேலையைத் தொடங்கினோம். இந்த முறை விசைப்பலகையில் கை வைக்கும் முன் காகிதத்தில் எழுதினோம். ஒரே கேள்வியை எல்லாவற்றுக்கும் நீட்டி மடக்குவதை விட்டோம். ஊர் சொன்னால் ஊர் நிபந்தனையோடு ஒரு கேள்வி. சொல்லாவிட்டால் அந்த நிபந்தனையே இல்லாத இன்னொரு கேள்வி. இரண்டையும் காலையிலேயே தனித்தனியாக ஆயத்தம் செய்துகொள்ளலாம். ஒவ்வொரு தேடலுக்கும் முன்னால் எல்லா இடமும் துடைக்கப்படும். இன்னொன்றும் சேர்த்தோம்: எந்த வகை, எந்த ஊர், எந்தத் தேதிவரை என்று தேடியதை முழு வாக்கியமாகத் திரையில் காட்டிவிட்டு, அதன் கீழேதான் பதில் வரவேண்டும். அன்று காலை அந்த வரி இருந்திருந்தால் நெடுங்காடு என்ற பெயரை நான் பார்த்திருப்பேன்.

பெயரைத் தருகிற பதிலை நாம் போய்ப் பார்த்துச் சரியா தவறா என்று தெரிந்துகொள்ளலாம். 'இல்லை' என்கிற பதிலைப் பார்க்கப் போவதற்கு ஒரு வாசல் கிடையாது. அதனால்தான் அதற்கு மட்டும் இரண்டாம் தடவை கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கச் சொல்லி யாரும் வந்து நிற்காவிட்டாலும் கேட்க வேண்டும். உங்கள் நண்பரின் கேள்விக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

கடைசிப் பேருந்துக்கு முந்தையதில் வீட்டுக்குப் போனேன். நிம்மதியாகத்தான் சாப்பிட்டேன். படுத்த பிறகுதான் அது மனதில் வந்தது. இந்தப் புரோகிராம் வேலைக்கு வந்து ஏழு மாதம். வசந்தாவுக்கு முன்னால் எத்தனை பேருக்கு ரத்தம் கொடுக்க ஆள் இல்லை என்று சொல்லியிருப்போம்?

மறுநாள் காலை செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனால் செல்வமணி எனக்கு முன்பே வந்து இயந்திரத்தை ஓடவிட்டிருந்தார். இரவு அவருக்கும் அதே நினைப்பு. நான் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடவில்லை. முதலில் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி செய்தேன்.

"சிஸ்டர், வசந்தா எப்படி இருக்காங்க?"

"கஞ்சி குடிச்சாச்சு மேடம். புருஷனை அதட்டிக்கிட்டிருக்கு."

"இன்னொண்ணு கேக்கணும். இதுக்கு முன்னாடி நாங்க யாரும் இல்லைன்னு சொல்லி, நீங்க திருப்பி அனுப்பினது யார் யாரு? ஞாபகம் இருக்கா?"

அவர் யோசித்தார். "ஒரு காலேஜுப் பொண்ணைத் தஞ்சாவூர் அனுப்பினோம். நல்லாயிட்டு வந்துடுச்சு. அப்புறம்..." குரல் மாறியது. "ஆம்பளைங்க வார்டுல தச்சு வேலைக்காரர் ஒருத்தர் இருக்கார் மேடம். பி நெகட்டிவ். ஆபரேஷன் ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு. அவர் பொண்டாட்டி தினமும் வந்து, இன்னைக்கா சிஸ்டர்னு கேட்டுட்டு உக்காந்திருக்கு."

நான் ரிசீவரைப் பொத்தாமலே செல்வமணியிடம் சொன்னேன்: "பி நெகட்டிவ்." அவர் ரத்த வகையை அடித்தார். தேதியை அடித்தார். கொம்யூனைக் காலியாக விட்டார். திரையில் முதலில் நாங்கள் தேடியது எழுத்தாக வந்தது: எல்லாக் கொம்யூன்களிலும். அதன் கீழே ஒன்றன்பின் ஒன்றாக நான்கு பெயர்கள்.

"சிஸ்டர், சொல்லட்டுமா?"

"இருங்க மேடம், இருங்க. பேனா எடுத்துக்கறேன்."